பழுதாகாத நாட்கள்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பதினாறு மெக்கானிக்குகளுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று முதலாளி கேட்டபோது, ஒரு நாளில் முடித்த புகார்களின் எண்ணிக்கையை அளவாக வைத்தாள். பலகை ஒன்றை மாட்டி, வாராவாரம் வரிசை எழுதினாள்.

முதலிடம் எப்போதும் 'புயல்' என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்குக்குத்தான். நாளுக்கு ஏழு, எட்டு. அவன் அலுவலகத்துக்குள் நுழைந்தாலே "கரையைக் கடந்தாச்சுப்பா" என்று சிரிப்பார்கள். கடைசி இடம் 'நிதானம்' என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்கு. நாளுக்கு ஒன்றோ இரண்டோ. மற்ற கட்டடங்களோடு ஒரு ஆஸ்பத்திரியும் அவன் பொறுப்பு.

"நாள் பூரா அந்த ஆஸ்பத்திரியில என்ன பண்றீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"ஸ்ட்ரெச்சர் இடிச்சு லிஃப்ட் கதவு கோணிக்கிட்டே இருக்கும் மேடம். அப்பப்போ நிமித்தி வைக்கணும்."

"யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்போ நான் அத எங்க எழுதறது?"

மாதக் கடைசியில் அவனை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினாள். ஆஸ்பத்திரி புயலின் கைக்குப் போனது.

நான்காம் மாதம், ஒரு மதியம், ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. உள்ளே பிரசவ அறுவைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண்ணும் அவள் கணவனும். கதவைத் திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் அந்தக் கணவன் அலுவலகத்துக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "இது இதுக்கு முன்னாடியும் நின்னிருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

பதிவேட்டைப் புரட்டினாள். நான்கு மாதத்தில் ஒன்பது முறை. ஒன்பதும் புயலின் கணக்கில் ஏறி, அவளே கைதட்டிய புகார்கள். அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றுப் பக்கங்களைத்தான் அவள் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள்.

"நின்னிருக்கு. ஒன்பது தடவை. எங்க தப்புதான்" என்றாள். கணவன் தலையைக் குனிந்தபடி எழுந்து போனான்.

புயலைக் கூப்பிட்டாள். "கதவு கோணினதாலதான நின்னுது. ஏன் சரியா பாக்கல?"

"கதவ நிமித்த அரை நாள் போயிடும் மேடம். அதுக்குள்ள நாலு புகார் கைவிட்டுப் போகும். பலகையில கீழ இறங்கினா என்னையும் கிடங்குக்கு அனுப்பிடுவீங்க. வீட்டுல என்ன சொல்றது?" அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

விசாரணை வந்தது. கதவு தயாரிப்பிலேயே கோளாறு என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்றார் முதலாளி. அவள் மறுத்தாள். விசாரணையில் பலகையையும் தன் கணக்கையும் அப்படியே சொன்னாள்.

பிறகு கிடங்குக்குப் போனாள். நிதானம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"திரும்பி வாங்க. இனிமே லிஃப்ட் நிக்காம ஓடின நாளத்தான் எண்ணப் போறேன்."

அவன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். "புகார மறைச்சிடுவாங்களே மேடம்."

"கட்டடத்துக்காரங்க நேரா எனக்கே போன் பண்ணட்டும்."

"பழைய லிஃப்ட் பங்குக்கு வந்தவன் பாவம் இல்லையா? அது அடிக்கடி நிக்குமே."

அதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இருவரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசினார்கள். ஒவ்வொரு லிஃப்டையும் அதன் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடுவது என்று முடிவாயிற்று.

முதல் இரண்டு மாதம் முதலாளி முணுமுணுத்தார். ஆட்கள் ஒரே கட்டடத்தில் மணிக்கணக்காகக் கிடந்தார்கள். வருடம் முடிவதற்குள் புகார்கள் பாதியாயின. புயல் ஒரு பழைய லிஃப்டின் கம்பிவடத்தை மாற்ற ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டான். யாரும் அவனைக் கேள்வி கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் பதவியை நிதானத்துக்குக் கொடுக்கச் சொன்னவள் அவள்தான். புகார் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.