எண்ணெய் மினுக்கு

நிறம் பொய் சொல்லும், மினுக்கு பொய் சொல்லாது. இது வலேரின் வேதவாக்கு. காவ்னிக் ஊர்ச் சுரங்கத்தை மூடும்வரை அவர் தாது பிரிக்கும் கூடத்தில் நின்றவர். ஓடும் பட்டையில் வரும் கற்களில், உலோகமாய் மினுங்கும் ஈயக்கல்லை ஒரு பக்கமும் பிசினாய் மினுங்கும் துத்தநாகக்கல்லை இன்னொரு பக்கமும் கண் இமைக்கும் நேரத்தில் தள்ளிவிடுவார். இப்போது மலைக்கணவாயில் சாலையோரம் மேசை போட்டுச் சுரங்கப் பூ விற்கிறார். பாறை வெடிப்புகளுக்குள் விளைந்து கிடக்கும் படிகக் கொத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். சுரங்கத் தொழிலாளி வீடென்றால் கண்ணாடி அலமாரியில் நாலு பூவாவது இருக்கும்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் வலேருக்குப் பேச்சுத்துணை இல்லை. மகன் இத்தாலியில். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான், சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிடுவான். மற்ற நாட்களில் வருகிறவர்களுக்குக் கல்லின் விலையைச் சொல்வதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு நாளாக இருந்தது, ஏனென்றால் அன்று லியோந்தினா வருவாள்.

சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோன சிமியோனின் மனைவி அவள். கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து மேலே வருவாள். கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய கல் ஒன்றை எடுத்து நீட்டுவாள்.

"இது என்னன்னு பாருங்களேன். அவர் பாட்டுக்கு வச்சுட்டுப் போயிட்டாரு, எனக்கு ஒரு மண்ணும் தெரியல."

வலேர் கல்லைக் கால்சட்டையில் அழுத்தித் துடைப்பார். ஈரக்கல்லில் மினுக்குப் பார்க்கக் கூடாது, ஈரம் எந்தக் கல்லையும் அழகாக்கிவிடும். பிறகு வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி ஆரம்பிப்பார். இது பட்டு மாதிரி மினுங்குகிறது, நார்நாரான ஜிப்சம். இது கண்ணாடி மாதிரி, படிகக்கல். பேச்சு கல்லில் தொடங்கி, ஊர் வம்பு, முழங்கால் வலி, முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று சுற்றி, கடைசி பஸ் வரும்வரை ஓடும்.

பக்கத்தில் பாலாடைக்கட்டி விற்கும் திபோருக்கு இது போதாதா?

"என்ன அண்ணே, மூஞ்சி வழவழன்னு இருக்கு? கல்லு பாக்கறதுக்கா சவரம்?"

"உன் கட்டியில ஈ மொய்க்குது. முதல்ல அதை ஓட்டுடா."

ஆனால் சவரம் அவளுக்காகத்தான். அவள் வராத வாரம் அவருக்கு விடியாத வாரம். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு. சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றதில் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். லியோந்தினா தயங்கித் தயங்கி வந்து கல்லை நீட்டினாள். பளபளவென்று வழுக்கியது. வலேர் துடைத்தார், சாய்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருகிட்ட லியோந்தினாம்மா! இது ஈஸ்டர் சமயத்துல நீங்க கொண்டாந்த அதே பேரைட்டுக் கல்லு. ஒரு மூலையை உடைச்சுட்டு எண்ணெய் தடவியிருக்கீங்க. எண்ணெய் மேலயே நிக்குது பாருங்க, அடியில முத்து மினுக்கு எட்டிப் பாக்குது. என் கண்ணை ஏமாத்த முடியுமா?"

கூட்டம் கைதட்டியது. அவள் முகம் செக்கச் செவேலென்று ஆனது. கல்லை வாங்கித் துணியில் சுற்றினாள்.

"நல்ல கண்ணு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

கூட்டம் கலைந்தபின்தான் வலேர் அவளைத் தேடினார். திபோர் இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை.

"கொண்டார வேற கல்லு இல்ல அண்ணே, அலமாரி தீர்ந்துபோச்சு. அதான் பாவம் எண்ணெய் தடவியிருக்கு. இது கூடவா தெரியல?"

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சவரம் பண்ணின முகத்தோடு காலி சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை கேவலம்! மேசையை அப்படியே போட்டுவிட்டு, ஊருக்கு இறங்கிப் போய், அவள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் படியேறினார்.

கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"அந்தப் பேரைட்டு விஷயம்..." என்று இழுத்தார்.

"அது பேரைட்டுன்னு எனக்குத் தெரியும். ஜிப்சமும் தெரியும், ஈயக்கல்லும் தெரியும். சுரங்கக்காரனோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணவ நான். எனக்கா கல்லு தெரியாது?"

வலேருக்கு அப்போதுதான் உறைத்தது. காவ்னிக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்ததை ஒருத்தி வாராவாரம் மலையேறி வந்து தெரியாதென்று கேட்டிருக்கிறாள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார் மெதுவாக.

"எதைக் கொண்டுகிட்டு வரச் சொல்றீங்க?"

ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று சொல்லத்தான் அத்தனை படி ஏறி வந்தார். தொண்டைவரை வந்தது. அதற்குள் பாழாய்ப்போன நாக்கு முந்திக்கொண்டது.

"வேற கல்லு ஏதாவது இருக்காதா?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"இல்ல வலேர். தீர்ந்துபோச்சு" என்று கதவைச் சாத்தினாள்.

பாதிப் படி இறங்கியவர் நின்றார். மூச்சு வாங்க மறுபடி ஏறிப்போய், சாத்தின கதவில் நெற்றி படுகிற மாதிரி நின்றுகொண்டார்.

"சும்மா வாங்க லியோந்தினாம்மா. கையை வீசிக்கிட்டு வாங்க. எனக்கும் யாரும் இல்ல."

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் அதன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.