வெட்டியெடுத்த திட்டு

வீடியோவைச் சுருக்கும் வேலை பாதி தாண்டியதும் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது. லிஜி மேஜையில் ஓங்கிக் குத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், முற்றத்துப் பந்தலில், அவளைப் பெற்ற அப்பச்சன் குரியாக்கோ வெள்ளை ஜிப்பாவோடு சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். உழவூரில் பாதிப் பேருடைய கல்யாணத்தையும் சாவையும் வீடியோ எடுத்தவர். இன்று அவரை எடுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய கூட்டாளி சாபு.

போன் அடித்தது. தம்பி பிஜோ.

"சேச்சி, நங்கூரம் தூக்கப் போறாங்க. அனுப்புறியா இல்லையா?"

"ஆகுதுடா. கத்தாதே."

"கரையை விட்டா சிக்னல் போயிடும். நான் அவர் மூஞ்சியைப் பாக்க வேண்டாமா?"

பிஜோவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆப்பிரிக்கக் கரையில் நின்றிருந்த கப்பலிலிருந்து அவனை இறங்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பச்சனே சாபுவிடம் கேட்டுக் கேமரா வைக்கச் சொல்லி, மகனுக்காகப் பேசியிருந்தார். ஸ்டுடியோ கேமரா எடுத்த பெரிய பெரிய கோப்புகள், இரண்டு. போனில் ஓடாது. இந்தப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டு, வெட்டி, சின்னதாக்கினால்தான் போகும்.

அந்தக் கம்ப்யூட்டரை அப்பச்சன் யாரையும் மாற்ற விட்டதில்லை. இன்டர்நெட் கம்பியைக் கிட்டவே சேர்க்க மாட்டார். திரை ஜன்னல்களின் மினுமினுப்பு, வைரஸ் காவல், அப்டேட் என்று பின்னால் ஓடும் எல்லாவற்றையும் நிறுத்தி, இருக்கிற தெம்பு முழுவதும் எடிட்டிங்குக்கே போகும்படி வைத்திருந்தார். இடம் அடைக்கிறது என்று, அழித்த கோப்புகள் விழும் குப்பைத்தொட்டியைக்கூட எடுத்துவிட்டிருந்தார், அழித்தது அழிந்ததுதான். இவ்வளவு செய்தும் இன்று டிஸ்க்கில் இடமில்லை. இருந்ததெல்லாம் இன்னும் கொடுக்காத ஊரார் கல்யாணங்கள். அவற்றில் கைவைக்க முடியாது.

அவளைப் பெற்ற அம்மச்சி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவனை அவர் திட்டின திட்டு இருக்குதே, அதையும் போடறியா?"

லிஜி திரும்பிப் பார்த்தாள்.

"கப்பல்தான் வீடுன்னா அங்கேயே கிட, என் பெட்டி பக்கம் வராதேன்னாரே. அதை அவன் கேக்கக் கூடாதுடீ. சாகுற வரைக்கும் காதுல கிடக்கும்."

"அப்பச்சன் சொன்னதாச்சே அம்மச்சி."

"உங்கப்பன் என்ன பண்ணுவாரு? சாவு வீட்டுச் சண்டை எதையாவது வீடியோவுல விட்டுருக்காரா? வெட்டித்தானே கொடுப்பாரு. நீயும் வெட்டு."

அது உண்மை. வெளிநாட்டில் இருக்கிறவன் அழுகையைப் பார்க்கட்டும், அடிதடியை ஏன் பார்க்கணும் என்பார். திட்டு முழுக்க இரண்டாவது கோப்பில்தான் இருந்தது. கேமராக் கார்டிலும் அது இல்லை, கார்டை அழித்துத்தான் சாபு இன்றைய அடக்கத்தை எடுக்கிறார். எப்படியும் வெட்டப் போவதுதானே என்று நினைத்து, அந்தக் கோப்பையே அழித்தாள்.

உடனே இடம் கிடைத்தது. கோடு நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. முடிந்தது.

போனுக்கு மாற்றி அனுப்பினாள். அந்த வீடியோவில் அப்பச்சன் தலையணையைச் சரிசெய்யச் சொல்கிறார். சாப்பிட்டியா என்கிறார். வெளிச்சம் முகத்தில் விழவில்லை என்று சாபுவைக் கடிந்துகொள்கிறார். அவ்வளவுதான்.

பந்தலில் சர்ச்சிலிருந்து வந்த அச்சன் கடைசிப் பாட்டைத் தொடங்கியிருந்தார். போன் மினுங்கியது.

"இவ்வளவுதானா? மீதி எங்கே?"

"இவ்வளவுதான்டா" என்று அடித்தாள்.

"பொய் சொல்லாதே சேச்சி. என்னைத் திட்டாம அந்த மனுஷன் இவ்வளவு நேரம் பேசுவாரா? வெட்டிட்டே. எனக்கு அதுதான் வேணும். சீக்கிரம் அனுப்பு. கப்பல் அசையுது."

லிஜி டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். ஊரார் கல்யாணங்கள்தான் இருந்தன. அழித்த கோப்பு எங்கும் இல்லை.

"மோளே" என்று ஜன்னலுக்கு வெளியே சாபுவின் குரல் கேட்டது. "முகத்தை மூடப் போறாங்க. கடைசி முத்தம் கொடுக்க வா."

"வரேன்."

போனை வாய்க்கருகே கொண்டுபோய் மைக்கை அழுத்தினாள்.

"கழுதே" என்றாள். செருமிக்கொண்டு அப்பச்சன் சொன்ன வேகத்திலேயே சொன்னாள். "கழுதே, ஈஸ்டருக்கு வரேன்னியே, வந்தியா? உனக்காக உங்கம்மா தாரா வாத்தை வளத்து வளத்து அது கிழடு தட்டிப் போச்சு. கப்பல்தான் வீடுன்னா அங்கேயே கிட. என் பெட்டி பக்கம் வராதே. வந்தா எந்திரிச்சு அடிப்பேன்."

விரலை எடுத்தாள். செய்தி போனது. ஒரு டிக் விழுந்தது.

"லிஜி" என்று அம்மச்சி அலறினாள். பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் கதவருகே நின்று, இரண்டாவது டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.