பச்சைக்கல்லில் ஒரு மினுக்கு

"அம்மாவோட போட்டோல பின்னாடி பீரோ தெரியுதுக்கா, அதை மட்டும் எடுத்துடு. கண்ணீர் அஞ்சலிக்கு நாலு மணிக்குள்ள பேப்பர்காரங்களுக்கு அனுப்பணும்" என்று அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான் தம்பி. வீட்டில் இந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு இன்னும் நேரம் வரவில்லை, பாவம்.

மவுஸைத் தொட்டதும் திரை விழித்துக்கொண்டது. காலையில் விட்டது விட்டபடியே நடுவில் பச்சைக்கல். செல்போன் விளையாட்டு ஒன்றுக்காக அவள் வரைந்தது. கையால் எடுத்துவிடலாம் போல அப்படி ஒரு ஜொலிப்பு, சனியன்.

"சித்தி கேக்கிறாங்க. கடைசியா அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லடா. தூங்கிட்டேதான் இருந்தாங்க."

வாய் கூசாமல் வந்துவிட்டது பொய். "அந்த மட்டும் புண்ணியம்" என்று கண்ணைத் துடைத்தபடி, அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்துக்குப் போனான் தம்பி.

அம்மா தூங்கவில்லை. காலையில் இதே அறையில், மகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கட்டிலிலிருந்து, "ஏண்டி, கொஞ்சம் இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். அப்போது கல் வெறும் கோடுகளாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை வருகிற கூப்பாடு. தலையணை சரியில்லை, ஃபேனைக் குறை, சில நேரம் சும்மாவே. "இதோம்மா, நிறம் ஏத்தி ஒரு மினுக்கு வச்சுட்டு வந்துடறேன்" என்றாள் திரும்பாமலே.

"உன் கல்லைத் தூக்கிக் குப்பையில போடு!"

திட்டுகிறாளே, தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டாள் மகள்.

பட்டைகளுக்கு நிறம் ஏற்றினாள். ஓரங்களில் ஒளி வைத்தாள். உச்சியில் வைத்த வெள்ளைப் புள்ளிதான் சரியாக விழவில்லை, நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஒருவழியாக அது மனசுக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்ததும் நாற்காலியைத் திருப்பினாள். அம்மாவின் கை கட்டிலுக்கு வெளியே இவள் பக்கமாக நீண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கையை நீட்டிக்கொண்டு கிடந்தாளோ! அதுதான் மகளைக் கொன்றுகொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் என்றால் எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அவளால் தாங்க முடியாது.

கடைசியாகச் செய்ததை அழித்துப் பின்னால் போகும் விசையை அழுத்தினாள். வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. எத்தனை முறை நகர்த்தித் தொலைத்திருக்கிறாள்! ஒவ்வோர் அழுத்தலுக்கும் இத்தனை வினாடி என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள். புள்ளி மறைந்தது. ஓரத்து ஒளி அவிந்தது. ஒரு பட்டை நிறமிழந்தது, பிறகு இன்னொன்று. வெறும் கோடுகள் வரட்டும், அம்மா கூப்பிட்ட இடம் வந்துவிடும்.

"அக்கா, ஆச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தான் தம்பி.

அவள் அழுத்தினாள். திரை அசையவில்லை. செய்ததில் கடைசி ஐம்பதைத்தான் அது நினைவில் வைத்திருக்கும், அதற்கு முன்னால் போக விடாது. கல்லில் இன்னும் ஒன்பது பட்டைகள் பச்சையாகவே இருந்தன.

விரலை எடுக்காமல் அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.