நாலு வீட்டு விதை

ஓட்ஸ் அறுவடை முடிந்த மறுநாள் காலையில் ஒட்டிலி தன் வயலில் இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்கும் நடந்தாள். ஓட்ஸோடு சேர்த்து வசந்தத்தில் தூவிய குளோவர் தீவனச் செடி, இந்நேரம் அறுத்த தாளுக்கு நடுவே கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்க வேண்டும். அடுத்த வருஷம் முழுக்க மாட்டுக்கு அதுதான் சோறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக மூவிலைக் கொத்துகள் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் மண். ஓட்ஸ் மறைத்துக்கொண்டு நிற்கும் வரைக்கும் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது. அதுதான் குளோவரில் உள்ள வினை.

வீட்டுக்கு வந்து, சாக்கின் அடியில் கிடந்த மிச்ச விதையைக் கிண்ணத்துத் தண்ணீரில் கொட்டினாள். தண்ணீர் மெதுவாக ஊதா நிறமானது. விரலால் துழாவியபோது அடியில் நறநறத்தது. விதை நிறத்துக்குச் சாயம் ஏற்றிய கல். விதை அளவுக்கே சலித்தெடுத்த பொடிக்கல்.

விதையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிலையங்கள் எல்லாம் அப்போது வந்திருக்கவில்லை. சாக்சனியின் அந்த மலையடிவாரத்தில் விதைக்குச் சோதனை என்றால் ஒட்டிலியின் அடுப்படிதான். ஈரக் கம்பளித் துணியில் விதையைப் பரப்பி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, அடுப்பின் பக்கவாட்டுச் சூட்டில் முளைக்க விடுவாள். அவள் சரி என்றால் ஊருக்குச் சரி. வசந்தத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரு சாக்கு வாங்குவதாக இருந்தது. வியாபாரி லிண்டாக்கர் சாக்கை அவள் முன்னால் அவிழ்த்து வைத்து, "உங்க கையாலயே எடுத்துக்குங்கம்மா, அப்புறம் நான் குடுத்த விதைன்னு பேச்சு வரக்கூடாது" என்று சிரித்தான்.

சோதனைக்கென்று அவளும் எடுத்தாள். திரண்டதாக, பளபளப்பாக, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். மங்கலாக இருந்ததைத் தள்ளினாள். பருப்பை உலையில் போடுமுன் கல் பொறுக்காத பெண் உண்டா? அந்தப் பழக்கம்தான். சுத்தமாகச் செய்கிறோம் என்ற பெருமை வேறு. தட்டில் வைத்தது அத்தனையும் முளைத்தது. தான் தள்ளியதுதான் சாக்கு நிறைய இருந்தது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

கணவன் டிராவ்கோட், லிண்டாக்கரிடம் போய்க் கத்திவிட்டு வந்தான். "'உங்க வீட்டுத் தட்டுல முளைச்சதுதானய்யா'ங்கிறான். நான் என்ன சொல்ல முடியும்?" பூட்ஸைக் கழற்றி மூலையில் வீசினான். "இங்க பாரு, மே மாசம் மழையில்ல, அதான் முளைக்கலன்னு ஊரே சொல்லிட்டிருக்கு. அப்படியே போகட்டும். நீ வாயத் தொறக்காத."

"ரோசினாகிட்ட?"

"அவகிட்டத்தான் முக்கியமா."

ரோசினா பக்கத்து வீட்டுக்காரி, அந்தச் சாக்கில் பங்கு வாங்கிய நாலு வீட்டில் ஒருத்தி. புருஷனை இழந்தவள். தறியும் ஒரே ஒரு பசுவுமாகப் பிழைப்பு. கடைசிப் பிள்ளைக்கு மார்ச்சளி. பாலை விட்டால் அதன் வயிற்றில் எதுவும் தங்காது. ஒட்டிலி வாயைத் திறக்கவில்லை. இலையுதிர் காலம் முழுக்க ரோசினா சாலையோரப் புல்லை அரிவாளால் சுரண்டிக் கொண்டு போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொள்வாள். போய்ச் சொல்லத்தான் கால் வராது.

முதல் பனி விழுந்த வாரத்தில் ரோசினா பசுவை வெட்டக் கொடுத்தாள். எலும்பும் தோலுமான மாட்டைச் சந்தையில் சீண்ட ஆளில்லை. அடித்து உப்புப் போட்டால் குளிர்காலத்துக்காவது ஆகும். அடித்த அன்று அக்கம்பக்கத்துக்குச் சூப்பு கொடுப்பது வழக்கம். அதை அவள் விடவில்லை. மூடிய கிண்ணத்தோடு வந்து ஒட்டிலியின் மேசை முன் உட்கார்ந்தாள்.

"சூடா இருக்கு. குடி."

ஒட்டிலி கரண்டியை எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டாள்.

"மழையில்லாததால இல்ல ரோசினா. விதையில முக்காலும் கல்லு. நான்தான் நல்லதா பாத்துப் பொறுக்கித் தட்டுல வச்சேன். ஆகஸ்ட்லயே தெரியும் எனக்கு."

ரோசினா கரண்டியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"பொறுக்குறப்ப பக்கத்துல யாரு உக்காந்திருந்தது? மங்கலா ஒண்ணு கெடந்துச்சு, நான்தான எடுத்து வெளிய போட்டேன்." குரல் உயரவில்லை. "ஆனா ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாம். மாட்ட அப்பவே வித்திருப்பேன். அப்ப அதுக்கு உடம்புல சதை இருந்துச்சு. வந்த காசுல பிள்ளைக்குப் பாலாவது வாங்கியிருப்பேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருமத் தொடங்கியது. ரோசினா எழுந்திருக்கவில்லை. ஒட்டிலி குடித்து முடித்த பிறகு, காலிக் கிண்ணத்தைத்தான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், அதுதான் முறை. அதற்காகக் காத்திருந்தாள். சூப்பின் மேல் கொழுப்பு ஓரத்திலிருந்து வெள்ளையாக உறைந்துகொண்டே வந்தது.