ஒரு நாள் சரக்கு

மிஷனில் கடன் வாங்கி, பேரிகை ஊரில் நான் போட்ட பெட்டிக்கடை மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. பாக்கி வைத்தவர்கள் கம்பெனி வேலைக்கென்று ஓசூர் போனதோடு சரி. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அன்று காலை மிஷன் பாஸ்டர் மேக்ஸ்வெல் ஆட்டோ நிறையச் சோப்பும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கடையில் அடுக்கினார்.

"பணம் குடுக்கற வெள்ளைக்காரங்க பாக்க வராங்க சிஸ்டர். கடை நல்லாப் போவுதுன்னு சாட்சி சொல்லுங்க. சாயங்காலம் சாமானத் திருப்பி எடுத்துக்கறேன்."

"மூடிக் கெடக்குதுன்னே சொல்லிடறனே, பாஸ்டர்?"

"அப்பறம் வேற எந்தப் பொம்பளைக்கும் கடன் வராது. அந்தப் பாவம் உங்களுக்கு வேணுமா?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் பண்ணுகிற வாய் அது.

சொன்னேன். வந்த வெள்ளைக்கார அம்மாள் கண் கலங்கி, என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து ஆசையாகப் பிரித்தார். காசு வாங்காதே என்று பாஸ்டர் எனக்குக் கண்ஜாடை காட்டினார்.

மாலையில் சாமானை எண்ணி ஆட்டோவில் ஏற்றினார்.

"ஒரு பாக்கெட் கொறையுதே சிஸ்டர்?"

"உங்க விருந்தாளிதான் தின்னாங்க."

"உங்க கடையிலதான தின்னாங்க," என்று சொல்லி, அதையும் என் கடனோடு சேர்த்து எழுதிக்கொண்டார்.