மேஜை மேல் இருந்தவை

என் அறிக்கை நாற்பத்தெட்டுப் பக்கம். வண்ண வரைபடங்கள் பதினாறு. ‘பல்கலைக்கழக நூலகம் – ஐந்தாண்டுத் திட்டம்’ என்று அட்டையில் போட்டு, கீழே ‘தயாரிப்பு: அருணாதேவி, துணை நூலகர்’ என்று என் பெயரையும் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போட்டுக்கொண்டேன். வேலூரிலிருந்து பதவி உயர்வில் திருவண்ணாமலைக்கு வந்து ஏழே மாதம். நூலகர் பதவி காலி என்பதால் பொறுப்பும் நான்தான். வந்த சூட்டோடு இப்படி ஒரு அறிக்கையை எழுதி முடித்தவர்கள் எனக்கு முன்னால் யாரும் இல்லை. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அந்த அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கம்தான் பதிவாளர் புகழேந்திக்கு மிகவும் பிடித்தது. மேல் தளத்தைப் பற்றிய பக்கம். அங்கே பதினோராயிரத்து நானூறு புத்தகங்கள். ஐந்து வருடத்தில் மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனவை முப்பத்தேழு. கணினி அப்படித்தான் சொன்னது. கணினி சொன்னதை நான் சிவப்புக் கட்டத்தில் போட்டேன். ‘பயன்பாடு ஏறக்குறைய பூஜ்யம். புத்தகங்களைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கலாம். வெளியார் அட்டையை நிறுத்தலாம். கூடத்தைத் தேர்வுப் பிரிவுக்குக் கொடுக்கலாம்’ என்று பரிந்துரைத்தேன்.

வெளியார் அட்டை என்பது மாவட்டத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளக்கூடிய அட்டை. மேல் தளத்தில் உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பாதிப் பேர் மின்விசிறிக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும்தான் வருகிறார்கள் என்பது என் கருத்து. அதையும் கொஞ்சம் நாகரிகமான வார்த்தையில் எழுதியிருந்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவாளர் தலைமையில் நூலகக் குழு கூடும். கையெழுத்தானால் மாதக் கடைசியில் புத்தகங்களை அள்ளிப்போக லாரி வந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்தை அளக்க மேலே போனேன். உண்மையைச் சொன்னால், ஏழு மாதத்தில் நான் மேல் தளத்துக்குப் போனது அன்றைக்கு மூன்றாவது தடவை. பன்னிரண்டு மேஜைகளிலும் ஆள் இருந்தது. புத்தக அடுக்கின் மேல் விரலை வைத்து இழுத்தேன், தூசி ஒட்டவில்லை. யாரும் தொடாத புத்தகங்கள் இவ்வளவு சுத்தமாக இருக்கின்றனவே, பேகம்மா நன்றாகத் துடைக்கிறார் போலிருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன். புத்தி எவ்வளவு மெதுவாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

பேகம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற முன்னி பேகம் மேல் தளத்து உதவியாளர். ஒப்பந்த வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசகர்கள் மேஜையில் விட்டுப்போகிற புத்தகங்களைப் பொறுக்கி எடுத்து, அதனதன் இடத்தில் திருப்பி வைப்பதுதான் அவர் வேலை. அவரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“பேகம்மா, இந்த ஃப்ளோர மூடப்போறோம். உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, கீழ வேற வேலை போட்டுத் தர்றேன்.”

தன் வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, “அப்ப அந்தக் கணக்க யார் கிட்ட குடுக்கறது மேடம்?” என்றார்.

“எந்தக் கணக்கு?”

“மேஜைக் கணக்கு.”

ஜன்னல் ஓரத்து இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே இருபத்து மூன்று நீள நோட்டுகள், ஒவ்வொன்றும் நானூறு பக்கம். முதுகில் வெள்ளைக் காகிதம் ஒட்டி எண் போட்டிருந்தது. மேலே இருந்ததைப் பிரித்தேன். தேதி, நேரம், மேஜை எண், புத்தகத்தின் பதிவு எண். அவ்வளவுதான். அடுத்த வரி, மறுபடி தேதி, நேரம், மேஜை எண், பதிவு எண். ஒரு அடித்தல் இல்லை.

“எனக்குத் தமிழ் எழுத வராது மேடம், உருதுப் பள்ளிக்கூடத்துல எட்டாவது. நம்பர்னா நல்லா எழுதுவேன். அதான் வெறும் நம்பரா இருக்கு” என்று மன்னிப்புக் கேட்பதைப்போலச் சொன்னார்.

“யாரு எழுதச் சொன்னது?”

“திருமலை சார் இருந்தாருல்ல, நூலகர். ரெண்டாயிரத்துப் பதினாறு ஜூன்ல. ஜனங்க எந்தப் புக்க எடுத்துப் படிக்கிறாங்கன்னு தெரியணும், மேஜை மேல இருக்கறத எல்லாம் ஒரு வாரம் எழுதுங்கன்னாரு. சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னாரு. வெள்ளிக்கிழமையே அவரு வேற ஊருக்கு மாத்தலாயிட்டாரு.”

“ஒரு வாரந்தானே பேகம்மா? இது ஒம்போது வருஷமாச்சே!”

“ஒரு வாரம்னு எனக்கும் தெரியும் மேடம். சனிக்கிழமை நோட்ட எடுத்துக்கினு ஆபீசுக்குப் போனேன், வாங்க ஆளு இல்ல. அப்பால பொறுப்புக்கு வந்தவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் எடுத்துக்கினு போனேன். அப்புறம் பாக்கலாம்னாங்க. வாங்கிக்கிற வரைக்கும் நாம நிறுத்த முடியுமா? நடுவுல நாலு நாளு விட்டுட்டா அதுக்கப்புறம் அது கணக்கே இல்ல.”

எனக்குச் சுரீரென்றது. நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள், என் அறைக்கு ஏ.சி. போடவேண்டும் என்று யாரிடமோ தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா நீள நோட்டோடு வாசலில் நின்றார். ‘அப்புறம் பாக்கலாம்மா’ என்று கையைக் காட்டியவள் நான்தான்.

அவரிடம் அதை ஒப்புக்கொள்ளும் தைரியம் அப்போது வரவில்லை. ஐந்து நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். வெறும் எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பதிவு எண்ணைக் கணினியில் தட்டினால் புத்தகத்தின் பெயர் வரும். சும்மா நான்கைந்தைத் தட்டிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். செவ்வாய் முழுக்க அதே வேலை, மீதி நோட்டுகளையும் கீழே எடுத்துவந்து புதன் முழுக்க அதே வேலை. மதியச் சாப்பாடு மறந்துபோனது. நான் சாப்பாட்டை மறக்கிற ஆள் இல்லை.

ஆடி, ஆவணி வந்தால் ஒரே ஒரு புத்தகம் மேஜை மேஜையாகச் சுற்றியது. கடலைப் பயிரைத் தின்னும் கம்பளிப் புழுவைப் பற்றியது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் எடுத்திருக்க வேண்டும், காலை பத்தரைக்குள் மேஜையில் விடப்பட்டிருக்கும். பௌர்ணமி அன்று பக்கமே பாதிதான் நிரம்பியிருந்தது, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடுவதால். கொரோனா மாதங்களில் ஒரு நீளக் கோடு. நூலகம் மறுபடி திறந்த முதல் நாள் முதல் வரியில், நோய்த்தொற்று பற்றிய புத்தகம் இருக்கும் என்று நினைத்துத் தட்டினேன். வந்தது பிள்ளைகளுக்கான விடுகதைப் புத்தகம்.

மூன்றாம் மேஜையில் ஒரு ஜெர்மன் அகராதி. செவ்வாய்க்கிழமை மட்டும். நான்கு வருடம் செவ்வாய்க்கிழமை தவறவில்லை. நம் ஊரில் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால் அது முடிதிருத்தும் கடையாகத்தான் இருக்கும். ஐந்தாம் வருடம் அகராதி நின்றுவிட்டது. அதே மேஜை, அதே கிழமை, ஒரு ஜெர்மன் நாவல். ஒன்பது செவ்வாய்க்கிழமைகள். நான் கணினியை விட்டுக் கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மலையைச் சுற்ற வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சவரம் செய்துகொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்ட யாரோ ஒருவர், எங்கள் மேல் தளத்தில் ஒரு மொழியையே கற்றுக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் கணினியில் அவர் பூஜ்யம்.

ஏழாம் மேஜையில், 2022 ஜனவரியில், பதினோரு நாள் தொடர்ந்து ஒரே புத்தகம். சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பராமரிப்பது பற்றியது. பன்னிரண்டாம் நாள் ஏழாம் மேஜைக்கு வரியே இல்லை. ஐந்து வாரம் கழித்து அதே மேஜையில் வேறு ஒரு புத்தகம். அரசு ஊழியர் இறந்துபோனால் வாரிசுக்கு வேலை கேட்கும் விதிமுறைகள். அது ஒரே ஆளா, இரண்டு பேரா, எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. வெறும் எண்களைப் பார்த்து ஒரு மனுஷி அழுவாளா என்றால், அன்றைக்கு நான் அழுதேன்.

இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். ஒரு ஊர் ஒன்பது வருடமாக எதற்குப் பயந்தது, எதை ஆசைப்பட்டது, எதைத் தெரிந்துகொள்ளத் துடித்தது என்பது அத்தனையும் ஒரு இரும்பு பீரோவுக்குள் இருந்தது. படிப்பை வைத்துத்தான் இதுவரை ஆட்களை எடைபோட்டிருந்தேன். அந்த அம்மாளின் உழைப்பு என் படிப்பைவிட ரொம்பப் பெரியதாக இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, நூலகத்தின் கீழ்த் தளத்தில் குழு கூடியது. முப்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் எழுந்து, “சார், இந்தப் பக்கம் தப்பு. தப்பு என்னுது. வெளிய போன புக்கத்தான் நான் எண்ணினேன். வெளிய எடுத்துட்டுப் போகவே முடியாதவங்க படிச்சத எண்ணல” என்றேன். நோட்டுகளைப் பற்றியும் சொன்னேன்.

புகழேந்தி நல்லவர்தான், ஆனால் தாளில் இல்லாததை நம்பாதவர். “கான்ட்ராக்ட்ல இருக்கற ஒரு அம்மா, யாரும் கேக்காம எழுதி வெச்சத ஆவணம்னு சொல்றீங்களா? உக்காந்த எடத்துல நம்பர் போட்டு ரொப்பியிருந்தா? கூப்பிடுங்க அவங்கள.”

பேகம்மா நோட்டுகளை வண்டியில் வைத்து, சரிவுப் பாதை வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. புகழேந்தி நடுவில் இருந்து ஒரு நோட்டை உருவி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“பதிவு எண் நாப்பத்திநாலாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு. இது என்ன புக்கு?”

“பேரு எனக்குத் தெரியாதுங்க சார். பச்சை அட்ட. மூணாவது அலமாரி, கீழ இருந்து ரெண்டாவது தட்டு, ஜன்னல் பக்கம் ஓரமா இருக்கும். முதுகு பிஞ்சிபோயி நான்தான் துணி வெச்சி ஒட்டினேன். கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு வந்து ஜாஸ்தி எடுக்கும். இப்ப மூணு மாசமா அது வரல.”

புகழேந்தி எழுந்து மாடிப்படி ஏறினார். குழுவில் மற்ற நான்கு பேரும் பின்னாலேயே போனார்கள், நானும் போனேன். மூன்றாவது அலமாரி, கீழிருந்து இரண்டாவது தட்டு, ஓரத்தில் பச்சை அட்டை. முதுகில் சீராக வெட்டி ஒட்டிய துணி. அவர் உள்ளே திறந்து எண்ணைப் பார்த்தார். அப்புறம் மேஜைகளைப் பார்த்தார். பன்னிரண்டு மேஜையிலும் ஆட்கள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பதிவாளரே வந்து நிற்கிறார் என்று ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

கீழே வந்து உட்கார்ந்து, நோட்டை மறுபடி விரித்து, ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் டீ ஆடை கட்டிப்போனது. கடைசியில் தலையை நிமிர்த்தாமலேயே, “எக்ஸாம் செக்‌ஷனுக்கு எடம் வேணுமேம்மா. நான் எங்க போவேன்?” என்றார்.

“என் ரூம எடுத்துக்குங்க சார், பக்கத்துல ஸ்டோர் ரூமையும் சேத்து. நான் மேல ஒரு மேஜை போட்டு உக்காந்துக்கறேன்” என்றேன். நான்கு மாதம் சண்டை போட்டு வாங்கிய ஏ.சி. ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்துதான் போனது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் பேனாவைத் திறந்து முப்பத்தொன்றாம் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். மேல் தளம் இருக்கும், வெளியார் அட்டையும் இருக்கும் என்று ஓரத்தில் எழுதித் தேதி போட்டார். பிறகு பேகம்மாவைப் பார்த்து, “இதெல்லாம் இங்கயே இருக்கட்டும்மா. பல்கலைக்கழகம் பத்திரமா வெச்சிக்கும்” என்றார்.

பேகம்மா வண்டியின் கைப்பிடியை விடவில்லை.

“வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்து வேணும் சார்.”

“ஒரு தாள்ல எழுதித் தர்றேன்.”

“ஒவ்வொரு நோட்டுலயும் போடுங்க சார். கடைசி வரிக்குக் கீழ.”

நான் பதறிப்போனேன். புகழேந்தியிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் கட்டுக் கட்டாகக் கோப்புகளைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தள்ளுகிறவர். இப்போது முதல் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்துக்குப் போய், கடைசி வரிக்குக் கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று முழுதாக எழுதி, பெயர் எழுதி, தேதி போட்டார். பேகம்மா அதை வாங்கி மை காய ஊதிவிட்டு ஓரமாக வைத்தார், இரண்டாவதை நீட்டினார். இருபத்து மூன்று நோட்டுக்கும் இருபத்து மூன்று தடவை. ஏழெட்டு நோட்டு ஆன பிறகுதான் கவனித்தேன், குழுவில் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம்.

கடைசிக் கையெழுத்தின் மேல் பேகம்மா உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

“மணி ஒண்ணாவப்போவுது மேடம். மேஜை மேல புக்கு குமிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனார்.