இடது பக்கத்து இருக்கை

எங்கள் வீட்டில் பியானோவைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் துணி எடுக்க வேண்டும். மேலே இஸ்திரி போட்ட சட்டைகள், மூடிமேல் போர்வைகள், ஓரத்தில் ஜோடி தொலைந்த காலுறைகளுக்கென்று ஒரு கூடை. அப்பா போன பிறகு அது இங்கே வந்தது. அக்கா வீட்டு மாடிப்படி குறுகல். எங்கள் வீட்டு வாசல் அகலம். வேறு எந்தத் தகுதியும் எனக்கு இருக்கவில்லை. வந்த நாள் முதல் இந்த வீட்டிலேயே விலை உயர்ந்த அலமாரி அதுதான்.

அன்று அக்கா போன் செய்தாள்.

"டேய், வீடு மாறிட்டோம்டா. தரைத்தளம். வாசல் நல்ல அகலம்."

அக்கா எப்போதும் இப்படித்தான். ஊசி போடும் முன் பஞ்சால் தடவுவாள்.

"நல்லதுக்கா."

"அடுத்த மாசம் அந்தப் பக்கம் வரேன். பியானோவ நீ வாசிக்கறியா? இல்லன்னா சொல்லு, நான் எடுத்துக்கறேன்."

"வாசிக்காம? தினமும் வாசிக்கறேன்க்கா."

போனை வைத்ததும் மனைவி என்னைப் பார்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பின்னால் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதை தலைக்கு மேல் மாட்டிய கண்ணாடியிலேயே கண்டுபிடிப்பவள்.

"தினமும் நான் அதுமேல துணி மடிச்சு வைக்கறேனே, அதச் சொல்றீங்களா?"

வைக்கோற்போர் நாய்க்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அன்று மாலை போர்வைகளை இறக்கிவிட்டு மூடியைத் திறந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அப்பா போகிற போக்கில் ஏதாவது ஒரு கட்டையைத் தட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நானும் ஒரு கட்டையைத் தட்டினேன். சத்தம் வந்தது. இதைக் கொடுக்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

கொடுக்காமலிருக்க ஒரே வழி, வாசிப்பது. எதை வாசிப்பது?

ஆசைக்கு என்ன குறைச்சல்? முதலில் புயலும் மின்னலுமாக ஓடும் ஒரு பெரிய இசை உருப்படியை எடுத்தேன். பக்கத்தைத் திறந்தால் எறும்புப் புற்றை உதைத்தது போலிருந்தது. என் பத்து விரல்களும் ஊரே கூடும் விருந்துக்கு வரும் உறவினர்கள்: ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்குத்தான் வரும். சரி, மெதுவானது எளிது என்று சோகமான ஒன்றுக்கு இறங்கினேன். மெதுவாக வாசிக்கும்போதுதான் தப்பை ஒளித்துவைக்க இடமே இல்லை என்று புரிந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "யாராவது போயிட்டாங்களா?" என்றாள்.

இதற்கு நடுவே கண் வேறு. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி கொடுப்பவன். எனக்குக் கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று. பியானோவில் புத்தகம் இருக்கும் தூரமோ கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை. ஒன்றைப் போட்டால் சுரங்கள் மங்கின. மற்றதைப் போட்டால் இரட்டித்தன. கடையில் எனக்கே எழுத்துப் பலகை மாட்டி, என்னையே அதட்டிப் படிக்கச் சொல்லி, நடுத்தூரத்துக்கு மூன்றாவதாக ஒன்று செய்துகொண்டேன். அதைப் போட்டதும் என் தப்புகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

கடைசியில் எங்கள் பழைய இசைப் புத்தகத்தின் பின்பக்கங்களில் அது கிடைத்தது. மேலே படகுப் படம் போட்ட, இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் உருப்படி. வலது பக்கம் உட்காருகிறவருக்குப் பாட்டு. இடது பக்கத்தவருக்கு வெறும் தாளம், தும்-தக தும்-தக என்று. சின்ன வயதில் வலது பக்கத்துக்காக நானும் அக்காவும் போட்ட சண்டையில் உட்காரும் பலகையே இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறது.

இந்த முறை விட்டுக்கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அவள் வந்ததும் வலது பக்கத்தைக் காட்டி "உக்காருக்கா" என்பேன்; அவள் நெகிழ்ந்து போவாள்; பியானோ இங்கேயே இருக்கும். இடது பக்கம் சுலபம் என்பது தற்செயல். தும்-தக பழகினேன். பாட்டு இல்லாமல் தாளம் நிற்காது என்பதால் பாட்டை நானே வாயால் முனகிக்கொண்டேன். சில நாட்களில் மனைவி பேருந்தைக் கழுவும்போது அதையே விசிலடித்தாள். இரண்டாம் வரிக் கடைசியில் நான் முனகும் தப்பு உட்பட.

அக்கா வந்தாள். தண்ணீர் குடித்தாள். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பியானோவின் நீளத்தை அளந்தாள்.

"அக்கா, அளக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ சேர்ந்து வாசிப்போமா?" என்று படகுப் பக்கத்தைத் திறந்தேன். "நீ வலது பக்கம் உக்காரு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "நீ உக்காருடா வலது பக்கம்."

"இல்லக்கா, உனக்குத்தான்."

"டேய், எனக்கு இடது பக்கம்தான்டா தெரியும்! சேர்ந்து வாசிச்சா நீ வலது பக்கம் வேணும்னு அடம் பிடிப்பியேன்னு, பக்கத்து வீட்டுக் குழந்தையோட கீபோர்டக் கெஞ்சி வாங்கி இதத்தான் பழகினேன்!"

"நானும் இதத்தான்க்கா..."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"விளங்கிடும்," என்றாள் அக்கா.

பழகியதை வீணாக்க மனம் வரவில்லை. இருவரும் உட்கார்ந்தோம். நான் கீழே தும்-தக. பக்கத்திலேயே, கொஞ்சம் மேலே, அவளும் அதே தும்-தக. முழங்கை முழங்கையை இடித்தது. பாட்டே இல்லாத பாட்டு, ஆளில்லாத படகு போலப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து விசில் வந்தது. சட்டை மடித்துக்கொண்டிருந்த மனைவி, எங்கள் இருவரின் தாளத்துக்கும் மேலே, கச்சிதமாக ஏறிக்கொண்டாள். இரண்டாம் வரிக் கடைசியில், நான் சொல்லிக்கொடுக்காமலே கொடுத்த அந்த இடத்தில், தடுக்கி விழுந்தாள்.

"அய்யய்யோ, அங்க மேல ஏறணும்மா, இறங்கக்கூடாது!" என்று கத்தினாள் அக்கா.

"உங்க தம்பி இப்படித்தான் அண்ணி பாடுவார்!"

அக்கா குலுங்கிச் சிரித்ததில் பலகை ஆடியது. பழைய புத்தகம் சரிந்து தானாகவே மூடிக்கொண்டது. அவள் பக்கத்தைத் தேடிப் பிரித்தாள், அது நிற்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவள், பக்கத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துப் படகின் மேல் பாரமாக வைத்தாள்.

"ம், முதல்லேர்ந்து," என்றாள்.